பென்சீன் போகும் வழிகள்

பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் போடும்போது நாலு சொட்டு தரையில் சிந்தும். நல்ல வெயில் நேரமாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அந்த நாலு சொட்டைப் பற்றி யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனதை நாம் தீர்ந்துபோனதாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் காற்றோடு போனது காற்றில் என்ன ஆயிற்று? அதே நாலு சொட்டு மேலே சிந்தாமல், தரைக்கடியில் புதைத்த தொட்டியிலிருந்து மண்ணுக்குள் கசிந்திருந்தால்? ஆற்றில் விழுந்திருந்தால்?

பெட்ரோல் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவற்றில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து போவதுதான் இந்த அத்தியாயம். அது பென்சீன். இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. இத்தகைய பொருள் சூழலில் எவ்வளவு காலம் தங்கும் என்று கேட்டால், ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. காற்றில் சில நாட்கள். ஓடும் ஆற்றில் சில மணி நேரம். மண்ணுக்கடியில் பல பத்தாண்டுகள். பொருள் மாறவில்லை, இடம்தான் மாறுகிறது.

1825இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அந்நாளில் எண்ணெயைச் சூடாக்கிப் பெற்ற வாயுவைச் சிலிண்டர்களில் அழுத்தி அடைத்து, விளக்கெரிக்க விற்றார்கள். சிலிண்டரின் அடியில் தேங்கிய திரவத்தில் இருந்தது பென்சீன். அதன் வடிவம் வளையமாக இருக்க வேண்டும் என்று கெக்குலே 1865இல் எழுதினார். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஆனால் ஆறு எலக்ட்ரான்கள் எந்த ஒரு பிணைப்புக்கும் சொந்தமில்லாமல் வளையம் முழுவதும் பரவி நிற்கின்றன. அந்தப் பகிர்வு மூலக்கூறுக்கு அபாரமான உறுதியைக் கொடுக்கிறது. அதை உடைக்க வருகிற எதுவும் முதலில் இந்தப் பொதுச் சொத்தைக் கலைக்க வேண்டும்; அதற்குச் செலவு அதிகம். இனி வரும் கதை முழுவதும் அந்தச் செலவை யார், எங்கே, எதைக் கொண்டு செய்கிறார்கள் என்பதைப் பற்றியதுதான்.

ஸ்டைரீன், ஃபீனால், நைலானுக்கான மூலப்பொருள் என்று எத்தனையோ பொருட்கள் இன்று பென்சீனிலிருந்து வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிப்பதற்குக்கூட அதைப் பயன்படுத்தினார்கள். அதன் நஞ்சு என்னவென்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் காற்று. பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும் திரவம். கொதிப்பதற்கு வெகு முன்பே, நம் சாதாரண வெயிலிலேயே விறுவிறுவென ஆவியாகும். ஆவி காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. காற்று அசையாத பள்ளத்தில் தங்கும், காற்று வீசும் இடத்தில் கலைந்துவிடும். கலைந்த பென்சீனைச் சூரிய ஒளி நேரடியாகத் தாக்குவது மிகக் குறைவு. தாக்குவது ஒளியால் பிறக்கும் இன்னொரு பொருள். ஓசோனும் நீராவியும் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற துண்டு மூலக்கூறை உண்டாக்குகின்றன. ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், இணை சேராத ஓர் எலக்ட்ரான். வளிமண்டலத்தைத் துப்புரவு செய்வதில் இதற்கு ஈடான பொருள் வேறில்லை. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் பகலில் சராசரியாகச் சில லட்சம் முதல் சில பத்து லட்சம் வரைதான் இருக்கும். கோடானுகோடி மூலக்கூறுகளுக்கு நடுவே அது ஒன்றுமேயில்லாத அளவு. அந்த அளவே போதுமாக இருக்கிறது. ஹைட்ராக்சில் வளையத்தில் ஒட்டிக்கொள்கிறது, எலக்ட்ரான்களின் பகிர்வு குலைகிறது, ஆக்சிஜன் உள்ளே வருகிறது. ஏறத்தாழப் பாதி ஃபீனாலாகிறது. மீதி வளையம் பிளந்து சிறு துண்டுகளாகிறது. சராசரியாகப் பத்து நாட்களில் ஒரு பென்சீன் மூலக்கூறின் வாழ்வு முடிந்துவிடுகிறது.

பத்து நாள் என்பது இதமான எண்ணாகத் தோன்றலாம். அந்தப் பத்து நாளில் காற்று ஒரு மாநிலத்தையே கடந்துவிடும். அதைவிட முக்கியம், ஒரு நகரத்தில் காலையும் மாலையும் புதிது புதிதாகப் பென்சீன் வந்துகொண்டே இருக்கிறது. அழியும் வேகம் எவ்வளவாக இருந்தாலும், வரத்து நிற்காத இடத்தில் இருப்பு குறையாது. அதனால்தான் 2009இல் இந்தியா வகுத்த காற்றுத் தர வரையறையில், ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று பென்சீனுக்கும் ஓர் எல்லை வைத்தார்கள்.

ஆற்றில் விழுந்தால்? ஒரு லிட்டர் தண்ணீரில் 25 டிகிரியில் ஏறத்தாழ 1.8 கிராம் பென்சீன் கரையும். ஹைட்ரோகார்பன்களில் இது பெரிய அளவு. ஆனால் கரைந்த பென்சீன் தண்ணீரில் தங்குவதில்லை. மேற்பரப்பு கிடைத்தால் காற்றுக்குத் தாவிவிடும். ஆழம் குறைந்த, ஓட்டமுள்ள, வெப்பமான ஆற்றில் பாதி வெளியேறச் சில மணி நேரம் போதும். மீனின் உடலிலும் அது பெரிதாகச் சேர்வதில்லை. டிடிடி போல உணவுச் சங்கிலியில் மேலேறி மேலேறிப் பெருகும் குணம் இதற்குக் கிடையாது.

வெப்பமும் ஓட்டமும் திறந்த மேற்பரப்பும் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். 2005 நவம்பர் 13 அன்று சீனாவின் ஜிலின் நகரில் ஒரு பெட்ரோ வேதியியல் ஆலை வெடித்தது. பென்சீன், நைட்ரோபென்சீன் உட்பட சுமார் 100 டன் வேதிப்பொருள் சோங்குவா ஆற்றில் கலந்தது. உறைபனி தொடங்கிய காலம். ஆற்றோட்டத்தில் கீழே இருந்த ஹார்பின் நகரம் சுமார் நான்கு நாட்கள் குடிநீர் வழங்கலையே நிறுத்தி வைத்தது; வடிகட்டிகளில் கிளர்வூட்டிய கரியை நிரப்பித்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த விபத்தில் கடைசிவரை தொல்லை கொடுத்தது பென்சீனைவிட அதன் பிள்ளையான நைட்ரோபென்சீன். பென்சீன் வளையத்தில் ஒரே ஒரு நைட்ரோ தொகுதியை மாட்டினால் கொதிநிலை 211 டிகிரிக்கு ஏறுகிறது. மிதப்பதற்குப் பதில் மூழ்குகிறது. ஆவியாகும் அவசரம் போய்விடுகிறது. அதுவே ஆற்றோடு நெடுந்தூரம் பயணம் செய்து, எல்லை தாண்டி ரஷ்யாவின் அமூர் நதி வரை போனது.

காற்றிலும் ஆற்றிலும் பென்சீனுக்கு எதிராக வேலை செய்தவை ஒளியும் திறந்த வெளியும். மண்ணுக்கடியில் இரண்டும் இல்லை. அங்கே போன பென்சீனைப் புரிந்துகொள்ள நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே இருக்கிறது.

1979 ஆகஸ்ட் 20 அன்று அங்கே காட்டுக்குள் ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் பீறிட்டுத் தரையை நனைத்துப் பள்ளங்களில் தேங்கியது. இறைத்தார்கள், எரித்தார்கள், ஊறிய மண்ணை வாரிக்கொண்டு போனார்கள். அதன் பிறகும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. பனியாறுகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் நிறைந்த பூமி அது. எண்ணெய் எளிதாக இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தில் போய் மிதந்தது.

1983இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஒரு முடிவெடுத்தது. மீதி எண்ணெயை அப்படியே விட்டு, இயற்கை அதை என்ன செய்கிறது என்று பார்ப்பது. கிணறுகள் தோண்டினார்கள், ஆண்டுக்கணக்கில் நீரை எடுத்து அளந்தார்கள், மண்ணைத் துளைத்து எடுத்துப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் இவ்வளவு பொறுமையாக ஓர் எண்ணெய்க் கசிவைக் கவனித்த ஆய்வுகள் உலகில் மிகச் சில. ஒரு விபத்தை அடுத்த தலைமுறைக்கான அறிவாக மாற்றியதற்காக அந்த ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

அவர்கள் கண்டதில் முதலாவது நல்ல செய்தி. 1996 வரையில் நிலத்தடி நீர் நகர்ந்த வேகத்தைக் கணக்கிட்டால், கரைந்த மாசு சுமார் 500 மீட்டர் தூரம் போயிருக்க வேண்டும். போனது ஏறத்தாழ 200 மீட்டர்தான். நீர் முன்னே போய்க்கொண்டிருக்க, மாசு பின்தங்கிவிட்டது. மணல் அதைப் பிடித்து வைத்தது ஒரு சிறு காரணம். பெரிய காரணம், வழியில் யாரோ அதைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

தின்றவை பாக்டீரியாக்கள். பென்சீன் அவற்றுக்குச் சாப்பாடு. ஆனால் சாப்பாட்டை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். 78 கிராம் பென்சீன் முழுவதுமாகக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற 240 கிராம் ஆக்சிஜன் தேவை. அதாவது ஒரு மில்லிகிராமுக்கு மூன்று மில்லிகிராம். நல்ல காற்றோட்டமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எட்டு மில்லிகிராம் அளவுக்குத்தான். ஆக, ஒரு லிட்டர் நீர் தன் ஆக்சிஜனை எல்லாம் கொடுத்தாலும் மூன்று மில்லிகிராம் பென்சீனைக்கூட முழுவதுமாகத் தீர்க்க முடியாது. நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் உள்ள பெட்ரோல் மிதக்கும் நீரிலோ, அது லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுக்குக் கரையக்கூடும். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 0.01 மில்லிகிராம். இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலத்தடி மாசின் சிக்கல் முழுவதும் புரிந்துவிடும். எண்ணெய்க்கு அருகில் ஆக்சிஜன் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மேலிருந்து புதிய ஆக்சிஜன் மண்ணின் வழியே இறங்கி நிலத்தடி நீரில் கலப்பது மிக மெதுவாக நடக்கும் வேலை.

ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடப்பதில்லை. எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள வேறு பொருள் தேடுகின்றன. நைட்ரேட் இருந்தால் அதை எடுக்கும். அடுத்தது மண்ணில் இருக்கும் இரும்பு. மணல் துகள்களின் மேல் துருவாகப் படிந்திருக்கும் இரும்பை ஜியோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் மூச்சுக்குப் பயன்படுத்துகின்றன. நாம் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறோம், அவை துருவுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. டெரெக் லவ்லியும் அவரது கூட்டாளிகளும் 1980களின் இறுதியில் இதை நிறுவியபோது, உயிர் எதைக் கொண்டெல்லாம் சுவாசிக்க முடியும் என்ற எண்ணமே விரிந்தது. துருவும் தீர்ந்த இடத்தில் மீத்தேனை உண்டாக்கும் கூட்டங்கள் பொறுப்பேற்கின்றன. பெமிட்ஜியில் எண்ணெய்க்கு மிக அருகே மீத்தேன் பகுதி, அதைத் தாண்டி இரும்புப் பகுதி, ஓரத்தில் ஆக்சிஜன் பகுதி என்று நிலத்தடி நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கிறது.

இந்த அடுக்குகளில் பென்சீனின் நிலை வேறு, அதன் உறவினர்களின் நிலை வேறு. டொலுயீன் என்பது பென்சீன் வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்தது. ஆக்சிஜன் இல்லாத பகுதியிலும் அது விரைவாகக் காணாமல் போனது. பென்சீன் அதே பகுதியில் பிடிவாதமாக இருந்தது. காரணம், டொலுயீனின் மெத்தில் தொகுதி ஒரு கைப்பிடி. நுண்ணுயிரின் நொதி அந்தக் கைப்பிடியைப் பற்றி, ஃபியூமரேட் என்ற சிறு மூலக்கூறை அதில் ஒட்டி, வளையத்தைத் தொடாமலே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பென்சீனில் பிடிக்க எதுவும் இல்லை. ஆறு பக்கமும் ஒன்றுபோல வழவழப்பு. ஆக்சிஜன் இல்லாமல் அதைத் திறக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் அவை அரியவை, மெதுவானவை, எல்லா மண்ணிலும் இருப்பவையல்ல.

ஆக்சிஜன் இருக்கும் ஓரத்திலோ காட்சியே வேறு. சூடோமோனாஸ் புடிடா போன்ற பாக்டீரியாவின் நொதி ஒன்று, காற்றின் ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்து, அதன் இரண்டு அணுக்களையும் ஒரே வீச்சில் வளையத்தின் அடுத்தடுத்த கார்பன்களில் பொருத்துகிறது. இரண்டும் ஒரே மூலக்கூறிலிருந்து வருகின்றன என்பதை டேவிட் கிப்சனின் குழு, அடையாளமிட்ட கனமான ஆக்சிஜனைக் கொடுத்து 1970 வாக்கில் காட்டியது. அதன் பிறகு கேட்டகால் என்ற இடைநிலைப் பொருள், அதன் பிறகு வளையம் பிளந்து மியூகோனிக் அமிலம், கடைசியில் ஏறத்தாழ எல்லா உயிரும் பயன்படுத்தும் அதே சர்க்கரை எரிக்கும் சுழற்சிக்குள் துண்டுகள் போய்ச் சேர்கின்றன. ஃபாரடேயின் பிடிவாத வளையம் ஒரு பாக்டீரியாவின் இரவு உணவாக முடிகிறது.

நம் உடலிலும் ஏறக்குறைய இதே வேலை தொடங்குகிறது. கல்லீரலின் நொதி பென்சீன் வளையத்தில் ஆக்சிஜனைப் பொருத்துகிறது. ஆனால் ஒரே ஓர் அணுவை மட்டும். அந்தச் சிறு வேறுபாட்டில் நம் துயரம் இருக்கிறது. பிறக்கும் பொருள் ஃபீனாலாகவும் ஹைட்ரோகுவினோனாகவும் மாறி எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. அங்குள்ள இன்னொரு நொதி அதைப் பென்சோகுவினோனாக மாற்றுகிறது. ரத்த அணுக்களைப் பெறும் தாய்ச் செல்களை அது சேதப்படுத்துகிறது. பென்சீன் தன்னளவில் செய்ததைவிட, நம் உடல் அதைச் சிதைக்க முயன்றதில் பிறந்தவை செய்யும் கேடு அதிகம். ஒரு பகுதி நம்முள்ளும் வளையம் பிளந்து மியூகோனிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. பென்சீன் புழங்கும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் எவ்வளவு சுவாசித்திருக்கிறார் என்பதை அந்த அமிலத்தை அளந்து மதிப்பிடுகிறார்கள். அழிவின் எச்சம் அங்கே சாட்சியாகிறது.

சிதைவு என்ற சொல்லைக் கேட்டதும் ஆபத்து நீங்கியது என்று நினைத்துவிடுவதில் உள்ள தவறு பெமிட்ஜியில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. பாக்டீரியாக்கள் துருவைச் சுவாசித்தன என்று சொன்னேன். அந்த மண்ணின் துருவில் இயற்கையாகவே சிறிது ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. துரு கரைந்ததும் அதுவும் நீரில் இறங்கியது. எண்ணெயில் ஆர்சனிக் இல்லை, குழாயில் இல்லை. ஊரின் மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் யாருக்கும் தீங்கில்லாமல் கிடந்தது. ஆய்வாளர்கள் அளந்தபோது, மாசுப் பகுதியின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கான எல்லை 10. பென்சீன் குறைகிறது என்று மகிழ்ந்து கிணற்றைத் திறந்துவிட்டால், அதை அழித்த வேலையே கிளப்பிவிட்ட வேறொரு நஞ்சைக் குடிக்க நேரும்.

இன்னொன்றும் கண்டார்கள். எண்ணெய் பாதி சிதைந்து உண்டான, நீரில் நன்றாகக் கரையும் அமிலங்களும் பிற பொருட்களும் பென்சீனைவிட வெகு தூரம் நீரோடு போயிருந்தன. வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் அவற்றுக்குப் பெயரே இல்லை. பென்சீன் இல்லை என்று சொன்ன கிணற்றிலும் அவை இருந்தன.

இதையெல்லாம் சொல்லும்போது, இயற்கையை நம்பி விட்டுவிடுவதே தவறு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. 1995இல் கலிபோர்னியாவில் கசிந்த பெட்ரோல் தொட்டிகளின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான பென்சீன் மாசு 80 மீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது. அந்தப் பாக்டீரியாக்கள் உண்மையாகவே வேலை செய்கின்றன. அதே போல, மண்ணின் உலர்ந்த அடுக்கு வழியே மேலேறும் பென்சீன் ஆவி ஆக்சிஜனைச் சந்தித்ததும், ஓரிரு மீட்டர் தூரத்துக்குள் தின்னப்பட்டுவிடுவதும் உண்டு. ஆனால் அந்த வேலைக்கு அவை கேட்கும் விலை ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனுக்கு வேறு போட்டி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்று நமக்கு நெருக்கமான கேள்வி.

இந்தியாவில் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். புகை, இறக்குமதிச் செலவு, கரும்பு விவசாயி என்று அதற்கான வாதங்கள் தனி. மண்ணுக்கடியில் நடப்பது வேறு. எத்தனால் நீரில் முழுவதுமாகக் கலந்துவிடும். நுண்ணுயிருக்கு அது பென்சீனைவிட மிக எளிய உணவு. கசிவு நடந்த இடத்தில் பாக்டீரியாக்கள் முதலில் எத்தனாலைத் தின்கின்றன, கிடைக்கும் ஆக்சிஜனை அதிலேயே தீர்த்துவிடுகின்றன. பென்சீன் தீண்டுவாரின்றி நீரோடு முன்னே போய்க்கொண்டிருக்கிறது. நம்மைவிட வெகு முன்பே எத்தனால் கலந்த பிரேசிலில், ஃப்ளோரியனோபோலிஸ் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே இதை ஆய்வுக்கூடத்திலும் திறந்த நிலத்திலும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நிலத்தடி நீரில் கரைந்து நகரும் பென்சீனின் வால் நீளும். அப்படியானால் பழைய பெட்ரோலை வைத்துக் கணக்கிட்ட 80 மீட்டரை நம் பங்குகளுக்குப் பாதுகாப்புத் தூரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து, வீடுகளின் போர்வெல் தண்ணீரில் எரிபொருள் வந்தது. மக்கள் வாளியில் இறைத்த தண்ணீரில் பெட்ரோலிய நாற்றம் அடித்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நெருக்கமான வீடுகள், ஆழமில்லாத நிலத்தடி நீர், கடலோர மணல். பெமிட்ஜியில் எண்ணெய்க்கு மேலே காடு. இங்கே எண்ணெய்க்கு மேலே சமையலறைகள். அங்கே கிணற்றைத் தோண்டியவர்கள் ஆய்வாளர்கள், இங்கே குடித்தனக்காரர்கள்.

இப்படியொரு இடத்தில் மிதக்கும் எண்ணெயை இறைத்து எடுத்தபின், தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனையில் பென்சீன் மட்டும் இருந்தால் போதாது. கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது பூச்சியமாக இருந்தால் சிதைவு மெதுவான பாதைக்கு மாறிவிட்டது. கரைந்த இரும்பைப் பார்க்க வேண்டும்; அது ஏறியிருந்தால் உடனே ஆர்சனிக்கையும் பார்க்க வேண்டும். மூடிய கீழ்த்தளத்திலும் தொட்டிக்குழியிலும் மீத்தேனை அளக்க வேண்டும், ஏனென்றால் அது தீப்பற்றும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை அளக்க வேண்டும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மிதக்கும் எண்ணெய் மண்ணில் மேலும் கீழுமாகப் பூசிக்கொண்டு, வடிந்துவிட்டதுபோலத் தெரிந்து, அடுத்த கோடையில் திரும்பவும் வெளிவரும். கிணற்று நீரின் நிறமும் மணமும் இவற்றில் எதையும் சொல்லாது.